ஏனாமுக்குப் போன இலக்கணம்

கலியமூர்த்தி சார் காலமான செய்தி வந்தபோது நான் அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பையில் போன் விடாமல் துடித்தது. இன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது, காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்ற எரிச்சலோடு சாப்பாட்டுக் கூடையைக் காலிடுக்கில் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழு. 'நமது முன்னாள் தமிழாசிரியர் கலியமூர்த்தி அவர்கள் இன்று காலை ஏனாமில் மாரடைப்பால் காலமானார்.' அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. அவர் எப்போதோ சொன்ன கேலிதான் முதலில் வந்தது. "மனுஷன் செத்தாத்தான் டீச்சர் காலம் ஆவுறான். அதுவும் எந்தக் காலம்? இறந்த காலம். நம்ம இலக்கணம் எவ்வளவு கரெக்டா சொல்லுது பாருங்க." ஒரு மனிதருக்காக ஒரு நிமிஷம் வருத்தப்படலாம் என்றால் அதற்குக்கூட இடம் விடாமல் குறுக்கே வந்து நிற்கிறாரே என்று கோபம் வந்தது. டிக்கெட் கேட்ட கண்டக்டர் மீது எரிந்து விழுந்தேன். அவர் பாவம், என்னவோ ஏதோ என்று நகர்ந்து போய்விட்டார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள், அல்லது எங்களோடு வேலை பார்த்தவர்கள். அவருடைய சிலேடைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் சிலவற்றைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எனக்கு வேறொரு காரியம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் காரைக்காலை விட்டு ஏனாமுக்குப் போக வேண்டி வந்ததற்கு நான் ஒரு காரணம். அதை அவரிடம் ஒரே ஒரு முறை நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று வருஷமும் முயன்றேன். அவர் சொல்ல விடவில்லை. விடாமலே போயும் சேர்ந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே அரசுப் பள்ளியில் பதினான்கு வருஷம் தமிழ் நடத்தினோம். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு அவருக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. நான் வந்து சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பெயர் வைத்துவிட்டார். "நீங்க முற்று டீச்சர். நீங்க வாயத் தொறந்தா வாக்கியம் முடிஞ்சுடுது. நான் எச்சம். எனக்கு முடியவே முடியாது. ரெண்டும் சேந்தாத்தான் பேச்சு." நான் சிரிக்கவில்லை. இலக்கணம் எனக்குச் சோறு போடும் விஷயம். அதை வைத்து விளையாடுவது எனக்குப் பிடிக்காது. நான் சிரிக்காததையும் அவர் சும்மா விடவில்லை. "பாத்தீங்களா, புள்ளியும் வச்சுட்டாங்க" என்றார். அன்றிலிருந்து பள்ளி முழுக்க நான் முற்று டீச்சர்தான். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா என்னை அப்படியே கூப்பிட்டார்.

பெயர் வாங்காதவர் யாருமில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஏவல் வினைமுற்று. நில், நட, ஓடு என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வராது. தலைமையாசிரியருக்கு எங்கள் பள்ளியோடு இன்னொரு பள்ளியும் பொறுப்பு. பாதி நாள் அங்கே, மீதி நாளில் பாதி ஏதாவது கூட்டம். அவர் தோன்றா எழுவாய். ஆளைக் காணாது, ஆனால் வாக்கியம் அவர் பெயரில்தான் நடக்கும். ஓவிய ஆசிரியர் பாலு சாருக்கு, தலைமையாசிரியர் வந்திருக்கும் நாட்களில் அவர் அறையில் போய் உட்கார்ந்து பேசுகிற வழக்கம். அதனால் அவர் ஒற்று. ஒற்று என்றால் மெய்யெழுத்து, உளவும்கூட. தலைமையாசிரியர் அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் கலியமூர்த்தி சார் குரலைத் தாழ்த்தி, "ஒற்று மிகும் இடம்" என்று சொல்லிவிட்டுப் போவார். எல்லோரும் சிரிப்பார்கள். பாலு சாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மதியச் சாப்பாட்டில் என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார். கேட்டு எடுப்பது கிடையாது. ஒருநாள் நான் டப்பாவை இழுத்துக்கொண்டேன். "டீச்சர், ஊறுகாய் வினைத்தொகை. நீங்கதான் பாடம் நடத்துறீங்க. மூணு காலத்துக்கும் பொது. நேத்தும் எடுத்தேன், இன்னைக்கும் எடுக்குறேன், நாளைக்கும் எடுப்பேன்." அறையே சிரித்தது. நான் மறுநாளிலிருந்து ஊறுகாய் கொண்டுவருவதை நிறுத்தினேன். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று எழுத எனக்கு இப்போதும் பொறுமையில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை இருந்தது. நான் நூற்பாவிலிருந்து ஆரம்பித்து, விளக்கம் சொல்லி, எடுத்துக்காட்டுகளைப் பலகையில் வரிசையாக எழுதிப் போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து சிரிப்பு வெடிக்கும். என் பிள்ளைகளின் பேனா அப்படியே நின்றுவிடும். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள, மணி அடித்ததும் என் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு ஓடும். மதிப்பெண் என்று பார்த்தால் என் வகுப்புதான் எப்போதும் ஒரு படி மேல். ஆனால் பஸ் ஸ்டாண்டில், துணிக்கடையில், எங்கே பழைய மாணவர்களைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "கலியமூர்த்தி சார் எப்படி இருக்காங்க டீச்சர்?" என் வகுப்பில் படித்த பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள்.

எல்லாமே அவருடைய வெறும் வாய்ச்சாலகம் என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கள் ஆங்கில ஆசிரியையின் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மேடையேறி மைக்கைப் பிடித்தவர் ஒரே நிமிஷம்தான் பேசினார். "உடம்படுமெய்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க. ரெண்டு உயிரெழுத்து பக்கத்துல பக்கத்துல வந்து நின்னா ஒட்டாது. நடுவுல ஒரு மெய் வந்தாத்தான் சேரும். இவங்க ரெண்டு உயிருக்கும் நடுவுல எப்பவும் ஒரு மெய் இருக்கணும். அவ்வளவுதான். எல்லாரும் சாப்புடப் போங்க." என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். இத்தனை வருஷமாக உடம்படுமெய் நடத்துகிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்ற ஆத்திரமும் கூடவே வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொதுத்தேர்வுக்கு முந்திய திருப்புதல் தேர்வு. அந்த முறை காரைக்கால் பள்ளிகளின் விடைத்தாள்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, பெயரை மறைத்து, கட்டுகளை மாற்றிக் கொடுத்துத் திருத்த வைத்தார்கள். பெரிய கூடம், மேசைக்கு ஆறு பேர். எனக்கு வந்த கட்டில் தோன்றா எழுவாயை எடுத்துக்காட்டுடன் விளக்கச் சொன்ன கேள்விக்கு ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: 'எழுவாய் வெளியே தோன்றாமல் மறைந்து நின்று வினையை நடத்துவது தோன்றா எழுவாய். எடுத்துக்காட்டு: எங்கள் தலைமையாசிரியர்.' அடுத்த தாளைப் புரட்டினேன். எங்கள் தலைமையாசிரியர். அதற்கடுத்த தாள். எங்கள் தலைமையாசிரியர். அந்தக் கட்டில் பதினேழு தாள். ஒரு பிள்ளை கூடுதல் அக்கறையோடு, 'வெள்ளிக்கிழமை மட்டும் தோன்றுவார்' என்றும் எழுதியிருந்தது.

பெயர் மறைத்திருந்தால் என்ன, அது எந்தப் பள்ளியின் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியாதா? சிரித்துவிட்டேன். வாய்விட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மேசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் என்ன என்ன என்று கேட்டார்கள். படித்துக் காட்டினேன். எங்கள் பள்ளிதான் என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரியை இழுத்து, நிறுத்தி, அவர் சொல்வது போலவே சொன்னேன். மேசை அதிர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அவர்களுக்காக இன்னொரு முறை படித்தேன். நான் சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான். எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குள் இன்னொன்றும் இருந்தது. 'பாருங்கள், அவர் வகுப்பு நடத்துகிற லட்சணத்தை' என்று ஊருக்குக் காட்டிக்கொடுத்த ஒரு திருப்தி. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டே நாளில் அது தலைமையாசிரியர் காதுக்குப் போனது. தாள்களை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். இன்னொரு தமிழாசிரியை என்று என்னைக் கூப்பிட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டீச்சர், நான் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஓடுறது புள்ளைங்களுக்குத் தெரியாது. சாருக்குத் தெரியும்ல?" என்றார். முகம் வாடியிருந்தது. விளக்கம் கேட்டு கலியமூர்த்தி சாருக்கு மெமோ போயிற்று. மூன்று நாள் அவகாசம்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் பாலு சாரைத்தான் பார்த்தார்கள். ஒற்று என்று பெயர் வைத்தாயிற்று, அப்புறம் என்ன விசாரணை? "நான் சொல்லலைங்க, எனக்கு அந்தத் தாளப் பத்தியே தெரியாதுங்க" என்று அவர் ஒவ்வொருவர் மேசையாகப் போய்ச் சொன்னார். என் மேசைக்கும் வந்தார். நான் தலையைக் குனிந்து நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்ததைத் திரும்பவும் எண்ணினேன்.

மனசு கேட்காமல் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசினேன். அவரும் இறங்கி வந்தார். "புள்ளைங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எழுதிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நான் மேல அனுப்பாம இங்கயே முடிச்சுக்கிறேன். அந்தப் பதினேழு பேரோட பெத்தவங்கள மட்டும் ஒருதரம் வரச் சொல்லிக் கண்டிச்சு விட்டுடுவோம்." நான் அன்றைக்கே உட்கார்ந்து விளக்கக் கடிதத்தை எழுதினேன். 'வகுப்பில் கூறப்பட்டதை மாணவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியுள்ளனர் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவர் மேசையில் வைத்தேன்.

நிதானமாகப் படித்தார். கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "கிளிஞ்சல்மேட்டுலேருந்து ஒரு அப்பா கடலுக்குப் போவாம இங்க வந்து, நான் சொன்னதுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து என் வரியை ஒரே கோட்டில் அடித்தார். கீழே எழுதினார்: 'மாணவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். அந்த எடுத்துக்காட்டைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தலைமையாசிரியரைக் கேலி செய்தது தவறு. பிள்ளைகளுக்கு இதில் பங்கு இல்லை.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருஷமாக இந்த மனிதரிடம் ஒரு நேர் வாக்கியத்துக்காகக் கெஞ்சியிருக்கிறேன். தேர்வு அட்டவணை எங்கே என்று கேட்டால் சிலேடை. வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டால் சிலேடை. சுற்றி வளைத்துப் பூசி மெழுக வேண்டிய அந்த ஒரே நாளில், நான்கு நேர் வாக்கியங்களை எழுதி நீட்டுகிறார். "இன்னைக்கு ஒரு நாளாவது உங்க வழக்கப்படி எதையாச்சும் கோணலா எழுதக் கூடாதா சார்?" என்று கத்தினேன். அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தான் எழுதியதை வேறு தாளில் நகலெடுத்துக்கொண்டு, என் தாளை என்னிடமே கொடுத்தார்.

கைப்பட ஒப்புக்கொண்டதை வைத்துக்கொண்டு தலைமையாசிரியராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடிதம் மேலே போயிற்று. பெற்றோர் யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதி, தேறி, அவரவர் வழியில் போனார்கள். கோடை விடுமுறை முடிவதற்குள் மாற்றல் ஆணை வந்தது. நிர்வாக நலன் கருதி, ஏனாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. காரைக்காலுக்கும் ஏனாமுக்கும் ஒரே அரசாங்கம்தான், ஆனால் ஏனாம் ஆந்திராவுக்குள் இருக்கிறது. சென்னை போய், காக்கிநாடா ரயிலைப் பிடித்து, அப்புறம் பஸ். பேச்செல்லாம் தெலுங்கு. அங்கே அவருக்கு வகுப்புகூடக் கொடுக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தலத்தெரு வீட்டில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள, சாரின் மனைவி வசந்தா அக்கா இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. ஐம்பத்து மூன்று வயதில் சார் தனியாகச் சமைத்துச் சாப்பிடப் போனார்.

பஸ் ஏற்றிவிட நாங்கள் நாலைந்து பேர் போயிருந்தோம். பையை மேலே தூக்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "விகாரம் மூணு டீச்சர். தோன்றல், திரிதல், கெடுதல். காரைக்கால்ல தோன்றியாச்சு. இப்ப திரியப் போறேன். மூணாவது எங்கன்னு அரசாங்கம்தான் சொல்லணும்." எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா அக்கா சிரிக்கவில்லை. நான் மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்: 'சார், அதை அந்தக் கூடத்தில் முதலில் சொன்னது நான்தான்.' பஸ் கிளம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தால் அவர் முந்திக்கொள்வார். "டீச்சர், கடையில போயி ஒரு சிலேடை சொன்னேன். கடைக்காரரு சில்லறை எண்ணிக் குடுக்குறாரு. தெலுங்குலயும் சில்லறைதானாம்." நான் சிரிக்காமல் மறுபடி ஆரம்பிப்பேன். "இங்க நான் இடைச்சொல் ஆயிட்டேன் டீச்சர். தனியா நின்னா அர்த்தமே இல்ல." வீட்டில் சமையல் என்ன என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். வைத்த பிறகு சுவரைப் பார்த்து அவரைத் திட்டுவேன். என்னையும் திட்டிக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் பள்ளிக்கும் வந்தார். இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. இன்றைக்கு விடுவதில்லை என்று வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "சார், குறுக்க பேசாம கேளுங்க. நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "செய்வினையா டீச்சர், செயப்பாட்டு வினையா?" என்று கேட்டார்.

தெரிந்து கேட்டாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா? செய்வினை என்று சூனியத்தைச் சொல்கிறாரா, இலக்கணத்தைச் சொல்கிறாரா? அவர் முகத்தைப் பார்த்தால் எப்போதும் போலச் சிரிப்பு. "உங்ககிட்ட மனுஷன் பேசுவானா சார்?" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வகுப்புக்குப் போய்விட்டேன். அதுதான் நான் அவரிடம் கடைசியாக நேரில் பேசியது. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

ஏனாமிலிருந்து ஆம்புலன்ஸ் மறுநாள் மதியம்தான் தலத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. காரியம் முடிந்து, பதினாறாம் நாள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுப் படத்திறப்பு வைத்தார்கள். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அவருடைய சிலேடைகளைச் சொன்னார்கள். பாதி அவர் சொன்னவை அல்ல. தலைமையாசிரியர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், தலைமை தாங்கினார். "என்னையே கேலி பண்ணுவாரு. நானும் ரசிப்பேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. என் பல் நறநறவென்றது.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன்னால் போய் நின்று, மூன்று வருஷமாக வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்த விடைத்தாள் விஷயத்த வெளியில சொன்னது நான்தான். பாலு சார் இல்ல." சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், "முற்று டீச்சரே ஜோக் சொல்றாங்கடா" என்று உரக்கச் சொன்னார். "இது ஜோக் இல்ல. நெசமாவே நான்தான் சொன்னேன்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கலியமூர்த்தி சாரின் படத்துக்கு முன்னால் யார் எதைச் சொன்னாலும் சிரிப்பது என்று முடிவோடு வந்திருந்த கூட்டம் அது. நான் இறங்கி வந்து உட்கார்ந்தேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்தில் படிக்கிறவர்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

கை கழுவும் இடத்தில் பாலு சார் நின்றிருந்தார். "சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். "எனக்குக் கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு டீச்சர். நீங்க இருந்த மேசையில என் மச்சான் இருந்தாரு" என்றார். "அப்ப ஏன் சார் யாருகிட்டயும் சொல்லல?" தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "சொல்லியிருந்தா நெசமாவே ஒற்று ஆயிருப்பேனே டீச்சர்." அதில் கேலி இல்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தேன். வசந்தா அக்கா தானே குழம்புப் பாத்திரத்தோடு வந்தார். இலைக்கு முன்னால் நின்றார்.

"மேடையில சொன்னீங்களே டீச்சர், அது நெசமா?"

"நெசந்தான் அக்கா."

"அவரு ஒருநாளும் கேக்கல, யாரு சொன்னான்னு. விடு வசந்தா, விடு வசந்தான்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நாந்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." பாத்திரத்தைக் கீழே வைத்தார். "பாலு சாரு இவருக்கு ஒரு படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு வந்தாரு டீச்சர், செத்த மூணாம் நாளு. எங்க வீட்டுக்காரர ஏனாமுக்கு அனுப்பிவிட்டுட்டு படம் வேற வரையிறீங்களான்னு வாசலோட திருப்பி அனுப்புனேன். அந்த மனுஷன் பேசாமப் போனாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கரண்டியை எடுத்து என் இலையில் குழம்பை ஊற்றினார். "சாப்புடாம எந்திரிக்கக் கூடாது. சாப்புட்டுப் போங்க" என்றார். அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். நான் சாப்பிட்டேன். என்னைச் சுற்றிலும் 'ஊறுகாய் வினைத்தொகை' என்று யாரோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய சிலேடைகள் உங்களிடம் இருக்கின்றன. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர் சிவப்புக் கோடு போட்டு அடித்த என் தாள் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை. இப்போது பாலு சார் வரைந்த படம்தான் தலத்தெரு வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் வசந்தா அக்கா என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுகிறார். மூன்று வருஷமாக ஒரு நிரபராதியின் மீது விழுந்துகொண்டிருந்த அவருடைய கோபம் இப்போது என் மீது விழுகிறது. கலியமூர்த்தி சார் என்னிடம் கடைசிவரை வாங்கிக்கொள்ள மறுத்ததை அவர் மனைவி வாங்கிக்கொண்டார். அந்தக் கோபம் தீரக் கூடாது என்றே இருக்கிறது எனக்கு. சாரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.